ஐம்பது கூடுகளும் ஒரு டார்ச் லைட்டும்

தோட்டா ரீலோட் செய்யும் மேசைக்கு நான் போன் கொண்டுபோவதில்லை. ஒஹையோவில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்ட்டில் அந்த மேசையைப் போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. முதல் வருஷமே வந்த பழக்கம் இது.

வேலை என்று பார்த்தால் எளிமையானதுதான். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டிலிருந்து பழைய பிரைமரை, அதாவது அடிபட்டதும் தீப்பொறி தரும் சின்ன மூடியை, நீக்க வேண்டும். கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர் பொருத்தி, பவுடர் (வெடிமருந்து) போட்டு, மேலே குண்டை உட்கார வைக்க வேண்டும். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை, விற்பதாக இருந்தால் வேண்டும். இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் இதில் கை வைக்கவே கூடாது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி அங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

நான் அதிகம் செய்வது .38 ஸ்பெஷல். 1898இல் வந்த தோட்டா அது, அந்தக் காலத்துப் புகை கக்கும் கரும்பவுடருக்காக அளவெடுத்த கூடு. இன்றைய புகையில்லா பவுடர் அதில் அடியில் கொஞ்சம்தான் இருக்கும், மேலே எல்லாம் காலி இடம். ஒரே கூட்டில் தவறிப்போய் இரண்டு முறை பவுடர் போட்டாலும் வழியாது, குண்டும் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். இதற்கு வகுத்த அழுத்த வரம்பு 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). இரட்டைப் பவுடர் அதைத் தாண்டிப் போய்த் துப்பாக்கியையே பிளக்கலாம். பவுடரே விழாத கூடும் அதே அளவு ஆபத்தானது. பிரைமரின் விசை மட்டும் குண்டைத் தள்ளிக் குழலுக்குள் சிக்க வைத்துவிடும். அடுத்த குண்டு அதன் முதுகில் போய் மோதினால் குழல் வீங்கும், இல்லை வெடிக்கும்.

அந்த முதல் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, பாதி வேலையில் பாளையங்கோட்டையிலிருந்து அம்மா கூப்பிட்டார்கள். இருபது நிமிஷம் பேசிவிட்டுத் திரும்பினேன். எந்தக் கூட்டோடு நிறுத்தினேன் என்று தெரியவில்லை. இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்துத் தொடர்ந்தேன், ஐம்பதுக்கும் குண்டு வைத்து முடித்தேன். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஒவ்வொன்றையும் எடை போட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. நான் போட்ட பவுடர் ஏறத்தாழ மூன்று கிரெய்ன், அதாவது 0.2 கிராம். பல கம்பெனிக் கூடுகள் கலந்திருந்ததால் கூட்டுக்குக் கூடு எடை வித்தியாசமே அதைவிட அதிகம். காதருகே ஆட்டிப் பார்த்ததும் உதவவில்லை. கடைசியில் குண்டு கழற்றும் சுத்தியலால் ஐம்பதையும் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நாற்பத்தோராவதில் ஒரு துகள் பவுடர்கூட இல்லை.

அதிலிருந்து என் முறை இதுதான். ஐம்பது குழி உள்ள மரப்பலகைகள் இரண்டு. இடது பலகையில் பிரைமர் பொருத்திய கூடுகள் எல்லாம் வாய் கீழாகக் கவிழ்ந்திருக்கும். ஒன்றை எடுத்து, பவுடர் போட்டு, வலது பலகையில் நிமிர்த்தி வைப்பேன். கவிழ்ந்த கூட்டில் பவுடர் இருக்க வழியே இல்லை என்பதால் கை தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். ஐம்பதும் முடிந்ததும் டார்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்ப்பேன். பவுடர் மட்டம் ஒன்றில் ஏறியோ இறங்கியோ இருந்தால் பக்கத்துக் கூட்டோடு ஒப்பிடும்போது கண்ணில் பட்டுவிடும். அதுவரை ஒரு குண்டைக்கூடத் தொடமாட்டேன். நடுவில் யாராவது கூப்பிட்டால் கையில் இருக்கும் கூட்டின் பவுடரைத் திரும்பக் கொட்டிவிட்டு, கூட்டைக் கவிழ்த்து இடது பக்கம் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். களைப்பாக இருந்தாலோ, வீட்டில் ஒரு மனத்தாங்கல் நடந்திருந்தாலோ அன்று மேசைக்கே போவதில்லை.

கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா விழும் வேக மெஷின்களும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் பிரஸ்ஸையே (கைப்பிடி மெஷின்) வாங்குங்கள்.

மேசை மேல் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். பெயரில் ஏமாறுவது சுலபம். ஹெச் 4831, ஐ.எம்.ஆர். 4831 இரண்டும் ஒரே எண், ஆனால் வேறு வேறு பவுடர்கள், ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. வேலை முடிந்ததும் பவுடர் அளந்து போடும் மெஷினில் மிச்சமிருப்பதை அதே டப்பாவில் கொட்டி மூடிவிடுங்கள். எந்தப் பவுடர் என்று சந்தேகம் வந்தால் அது குப்பைக்குத்தான். அளவுகளைப் பவுடர் கம்பெனி வெளியிடும் பட்டியலிலிருந்து மட்டுமே எடுங்கள், நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதிலிருந்து வேண்டாம். அதிலும் தொடக்க அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள். தராசைச் சோதனை எடைக்கல் வைத்துப் பாருங்கள். என் தராசுக்கு மேலே ஹீட்டர் காற்று வரும் துவாரம் இருந்தது, குளிர்காலத்தில் முள் நிற்காமல் ஆடியது. மேசையைத் தள்ளிப் போட்ட பிறகே சரியானது.

பிரைமர்தான் இதில் உண்மையாகவே வெடிக்கும் பொருள். கண்ணாடிக் குப்பியில் மொத்தமாகக் கொட்டி வைக்காதீர்கள், ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும். கம்பெனிப் பெட்டியிலேயே இருக்கட்டும். பொருத்தும்போது வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தால் அழுத்தாமல் நிறுத்துங்கள். பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் கண்ணில் இருக்க வேண்டும்.

புகையில்லா பவுடர் 20 பவுண்டு, பிரைமர் 10,000 வரை வீட்டில் வைக்கலாம் என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி. உங்கள் ஊர் விதி இன்னும் கடுமையாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். பவுடரை இரும்புத் துப்பாக்கிப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். தீப்பிடித்தால் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் அது வெடிகுண்டாகிவிடும். நான் மர அலமாரியில் பூட்டி வைக்கிறேன். பேஸ்மென்ட்டில் கார்ப்பெட்டை எடுத்துவிட்டேன், சிந்திய பவுடர் அதில் தங்கும், குளிர்காலத்தில் நிலைமின்சாரமும் சேரும். சிந்தியதைத் துடைப்பத்தால்தான் கூட்ட வேண்டும், வாக்குவம் கிளீனர் கூடாது. அப்புறம் ஈயம். பிரைமர் கரியிலும் குண்டிலும் அது இருக்கிறது. அந்த மேசையில் காபிகூடக் குடிக்க மாட்டேன். மாடிக்கு ஏறும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிவிடுவேன். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதில் ஒரு நாள்கூட அசட்டை கூடாது.

பெட்டி ஒவ்வொன்றிலும் தேதி, பவுடர், அளவு, குண்டு, பிரைமர் எழுதி ஒட்டுங்கள். ரேஞ்சில் (சுடும் பயிற்சி மைதானத்தில்) சுடும்போது சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக, பொசுக்கென்று கேட்டால் விசையில் இருக்கும் விரலை உடனே எடுங்கள். குழலைத் தடுப்பு மேட்டின் பக்கமே 30 வினாடி பிடித்திருங்கள். பிறகு தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு, குழலுக்குள் கம்பி விட்டுப் பாருங்கள். அதற்காகவே ஒரு பித்தளைக் கம்பி என் பையில் எப்போதும் இருக்கும்.