சீமைக்கருவேல மரத்தூளைச் சர்க்கரையாக்கப் பக்குவப்படுத்துவது எப்படி?

தொண்டி முதல் சாயல்குடி வரை கரையோரமாகப் போனால் சீமைக்கருவேலம் இல்லாத பொட்டல் குறைவு. வெட்டினால் பெரும்பாலும் விறகு, இல்லையென்றால் கரிமூட்டம். இதுபோன்ற கடின மரங்களின் எடையில் 40 முதல் 50 சதவீதம் செல்லுலோஸ். அதாவது குளுக்கோஸ் கோத்த சங்கிலி. அதை அறுக்கச் செல்லுலேஸ் நொதி கடையில் கிடைக்கும். ஆனால் பக்குவப்படுத்தாத தூளில் ஊற்றினால், மர நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் அதை உள்ளே விடாது. முதலில் தூளைப் பக்குவப்படுத்த வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் செய்யக்கூடிய கார முறையைச் சொல்கிறேன்.

பட்டையை உரித்துவிட்டு, காய்ந்த கட்டையை அரைத்துச் சலியுங்கள். ரவையைவிட நைசாக இருந்தால் போதும். சிவந்த வைரப்பகுதியில் பிசுக்கும் துவர்ப்பும் அதிகம். வெந்நீரில் அலசிக் காயவைப்பது நல்லது.

100 மில்லி தண்ணீரில் 2 கிராம் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரையுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். இதில் 10 கிராம் தூளைக் கலந்து, கண்ணாடிக் குடுவையில் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) 121 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். வீட்டு அலுமினிய குக்கர் வேண்டவே வேண்டாம். காரம் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும், அது தீப்பற்றும் வாயு.

அமிலத்திலும் செய்யலாம்தான். ஆனால் அதற்கு இன்னும் அதிக வெப்பமும் அழுத்தமும் தாங்கும் கலன் வேண்டும். பிறகு, கிடைத்த சர்க்கரையைப் புளிக்கவைக்க நினைத்தால், ஈஸ்ட்டைப் படுத்தும் ஃபர்ஃபியூரல் என்ற பொருளும் உண்டாகும்.

ஆறியதும் பருத்தித் துணியில் வடித்தால் கருஞ்சாறு இறங்கும். லிக்னினில் ஒரு பங்கு அதோடு போகிறது. அலசிய நீரில் சிவப்பு லிட்மஸ் நீலமாவது நிற்கும் வரை தூளை அலசுங்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பளம் இருப்பது சும்மா இல்லை. உப்பு கலந்த நம்மூர் போர் தண்ணீரை இதற்கு நம்பாதீர்கள். மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோதான்.

அலசிய தூளை வெயிலில் காயப்போடும் ஆசை வரும். வேண்டாம். காய்ந்தால் நாரின் நுண்துளைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியவை திரும்ப நனைத்தாலும் முழுதாகத் திறப்பதில்லை. ஈரத்தோடே பிரிட்ஜில் வைத்து, ஒரு சிட்டிகையை மட்டும் காயவைத்து ஈரப்பதம் கணக்கிடுங்கள்.

பிறகு அந்தத் தூளோடு செல்லுலேஸ் நொதி, பிஎச் 4.8 சிட்ரேட் தாங்கல் கரைசல் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்), 50 டிகிரி, மூன்று நாள் குலுக்கல். ஒப்பிட்டுப் பார்க்க, கூடவே பக்குவப்படுத்தாத தூளும் நொதியும் போட்ட குடுவை ஒன்றும், தூளே இல்லாமல் நொதி மட்டும் ஊற்றிய குடுவை ஒன்றும் வையுங்கள். கடை நொதியிலேயே கொஞ்சம் சர்க்கரை கலந்திருக்கலாம்; அதைக் கழித்துவிட்டுத்தான் உங்கள் கணக்கைப் பார்க்க வேண்டும்.