சித்திரைக்கான தண்ணீரைப் புரட்டாசியிலேயே யோசியுங்கள்

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. அப்போது குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. நமக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான், அதனால் கோடைக்கான வேலை புரட்டாசியிலேயே முடிந்துவிட வேண்டும்.

முதலில் கணக்கு. சம்ப்பின், அதாவது தரைக்கு அடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டியின், நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள், வருவதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். எங்கள் சம்ப் 8 அடிக்கு 6 அடி, ஆழம் 5 அடி, சுமார் 6,800 லிட்டர் பிடிக்கும். ஒரு மூங்கில் கம்பில் இஞ்ச் இஞ்சாகப் பெயிண்ட் கோடு போட்டு வைத்திருக்கிறோம். தினமும் காலையில் உள்ளே விட்டு எடுத்து, ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று பார்ப்போம். ஒரு இஞ்ச் குறைந்தால் 113 லிட்டர் போயிருக்கிறது. நாலு பேருக்கு மூன்றரை இஞ்ச் வழக்கம், ஒரு தடவை திடீரென்று ஆறு இஞ்ச் இறங்கியது. ப்ளஷ் டேங்கில் கொஞ்சம் மஞ்சள்தூளைக் கரைத்துவிட்டுக் காத்திருந்தோம், யாரும் அழுத்தாமலேயே கால் மணி நேரத்தில் பேசினில் மஞ்சள் இறங்கியது. வாஷர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். கம்பு இல்லாவிட்டால் மாதக்கணக்கில் தெரிந்திருக்காது.

சரி, மழை. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர், வீணாவது போக 750 கைக்கு வரும். ஒரே அடைமழையில் சம்ப் நிரம்பிவிடும். ஆனால் நிரம்பிய சம்ப் எங்களுக்குப் பதினேழு நாள்தான் வரும், சித்திரை வரை தாங்காது. அதனால் சம்ப் நிரம்பி வழிவதைத் தெருவில் விடாமல் கிணற்றுக்கோ உறை இறக்கிய குழிக்கோ திருப்புங்கள், உண்மையான சேமிப்பு பூமிக்குள்தான். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழாய் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது, குழிதான் சேறு அடைத்துக் கிடக்கிறது. ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவிப் போட்டால் மறுபடி உறிஞ்சும்.

மாடியைப் பெருக்கி, புறா எச்சத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், முதல் மழையைச் சம்ப்புக்குள் விடாதீர்கள். காற்றுக்குழாய் வாயில் நைலான் வலை கட்டாவிட்டால் கொசு முட்டையிடும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

அப்புறம், சம்ப் கழுவ ஆள் இறங்கும் முன் மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள், மேலே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் பதறி நீங்களும் குதிக்காதீர்கள், 108-ஐயும் தீயணைப்பு நிலையத்தையும் கூப்பிடுங்கள்.