சுண்டுவிரல் வளைந்திருக்கிறதா? வீட்டிலேயே பார்க்கும் முறை

குழந்தையின் சுண்டுவிரலைப் போனில் படமெடுத்து அனுப்பி "மேடம், இது நார்மலா?" என்று கேட்பவர்கள் நிறைய. நான் பிசியோதெரபிஸ்ட். படத்தை வைத்து எதுவும் சொல்வதில்லை. போனைச் சாய்த்துப் பிடித்தால் நேரான விரலும் வளைந்துதான் தெரியும்.

குழந்தை தூங்கும்போது உள்ளங்கையை வெள்ளைத் தாளில் படிய வைத்து, விரலைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். விரலின் அடித்துண்டின் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு, நுனித்துண்டின் நடுவே அதேபோல் ஒரு கோடு. மூத்த பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸில் கோணமானி இருக்குமே, அதை வைத்து இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள கோணத்தைப் பாருங்கள். மோதிர விரல் பக்கம் 10 டிகிரிக்குள் சாய்ந்திருந்தால் விட்டுவிடலாம். கைக்குழந்தைக்கு இது தோராயக் கணக்குதான்.

அப்புறம் கையைத் திருப்புங்கள். விரலின் அடியில் உள்ளதை விட்டுவிட்டால் இரண்டு மடிப்புக் கோடுகள் இருக்கும். நடு எலும்பு குட்டையாகி ஒரு பக்கம் ஒடுங்குவதால்தான் விரல் சாய்கிறது; ரொம்பக் குட்டையென்றால் சில கைகளில் ஒரே கோடுதான் தெரியும்.

அடுத்து அப்பா, தாத்தா, அத்தை எல்லோரையும் கை நீட்டச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அப்படியே இருந்து, குழந்தை நன்றாக வளர்ந்தால், தாத்தா மூக்கு வந்த மாதிரி விரலும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சாய்ந்த விரல் மட்டும் எந்த நோயையும் சொல்லாது. தூக்கினால் துவண்டு நழுவுகிற உடம்பு, மேல்நோக்கிச் சாய்ந்த கண்கள், உள்ளங்கையில் குறுக்காக ஒரே ரேகை, கால் கட்டைவிரலை அடுத்து அகன்ற இடைவெளி, இவற்றில் சிலவும் சேர்ந்திருந்தால் டவுன் சிண்ட்ரோமா என்று குழந்தை மருத்துவர் பார்க்க வேண்டும். இரத்தத்தில் குரோமோசோம் பரிசோதனை செய்வார்கள்; டவுன் சிண்ட்ரோம் என்றால் பெரும்பாலும் 46க்குப் பதில் 47 குரோமோசோம் இருக்கும். ரிசல்ட் வரட்டும் என்று இதய எக்கோவை (இதய ஸ்கேனை) தள்ளிப் போடாதீர்கள். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு உண்டு. தைராய்டும் பார்க்கணும். பிறந்ததிலிருந்தே மிகச் சிறிய குழந்தை, உடம்பின் ஒரு பக்கம் சற்றுச் சிறுத்திருக்கிறது என்றால் ரஸ்ஸல்-சில்வர் சிண்ட்ரோம் என்ற அரிய வளர்ச்சிக் குறைபாட்டையும் யோசிப்பார்கள்.

விரல் பக்கவாட்டில் சாயாமல் உள்ளங்கைப் பக்கம் மடங்கி, நிமிர்த்தினாலும் நிமிரவில்லையா? அது வேறு விஷயம், சீக்கிரம் காட்டுங்கள். ஸ்ப்ளின்ட்டும் (விரலை நிமிர்த்திப் பிடிக்கும் பட்டை) நீட்டல் பயிற்சியும் அதற்கு உதவும். பக்கச் சாய்வுக்கு இரண்டும் வீண், ஏனென்றால் கோணல் எலும்பில் இருக்கிறது. பாட்டி எண்ணெய் தேய்த்து உருவுவதாலும் நேராகாது. அதற்காகச் சண்டை வேண்டாம். பிடித்து இழுக்காமல் இருந்தால் சரி. விரல் விரல்மேல் ஏறிப் பிடிப்பைக் கெடுத்தால்தான் அறுவை சிகிச்சைப் பேச்சு.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள். பிறந்தது முதல் 18 வயது வரை பார்ப்பார்கள், கட்டணம் கிடையாது.