சுண்ணாம்பு கேட்பவள் யார்? குமரி எல்லைப் பேய்கள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தன. பேய்கள் சேரவில்லை. அவை இன்றைக்கும் எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புழங்குகின்றன. இந்த ஊர்ப் பேய்க்கதை எழுத வருகிறவர்கள் முதல் பக்கத்திலேயே வழுக்குவது அதனால்தான். வடக்கேயிருந்து எழுதுபவருக்கு வெள்ளைச் சேலை கட்டியவள் எல்லாம் மோகினி. மலையாளப் படம் பார்த்துவிட்டு எழுதுபவருக்கு எல்லாரும், ராத்திரி வழியில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு நிற்கும் யட்சி. வீட்டு மச்சில் ராத்திரி சத்தம் கேட்டு நடுங்குகிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். என்ன நடந்தது என்று பார்க்கும் முன்பே ‘யார்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பேர் மாறாட்டம்

யட்சி என்ற சொல்தான் தமிழில் இயக்கி ஆகி, பிறகு இசக்கி ஆனது. சொல் ஒன்று, ஆள் வேறு. மார்த்தாண்டம் பக்கத்துச் சிதறால் மலையில் இருக்கும் சமண இயக்கி யாரையும் பயமுறுத்துகிறவள் அல்ல. ஆரல்வாய்மொழி கணவாயில், காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தலில் இருக்கும் இசக்கியிடம் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். பத்மநாபசுவாமி கோயில் கதைகளில் வரும் காஞ்ஞிரோட்டு யட்சியோ ஆண்களின் ரத்தம் குடித்தவள். அவளுக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டத்துக் காஞ்சிரக்கோடு. மூவரையும் ஒரே ஆளாக்கி எழுதினால் உள்ளூர் வாசகர் இரண்டாம் பக்கம் புரட்ட மாட்டார்.

மாடன், முனி, வாதை ஆகியவையும் தனித்தனி. வாதை என்பது இந்தப் பக்கத்தில் துர்ஆவிகளுக்குப் பொதுப்பேர். சுடலைமாடன் பேயே அல்ல, பேய்களை அடக்கி வைத்திருக்கும் மயானக் காவல்காரன். ‘சுடலைமாடன் என்னும் பேய்’ என்று எழுதுவது, போலீஸ்காரரைக் கைதி என்று எழுதுவதற்குச் சமம்.

இந்தக் குழப்பத்தை நன்றாகப் புரிந்துகொள்ள நீலி ஒருத்தி போதும். ஆந்திர எல்லையை ஒட்டிய திருவாலங்காட்டுப் பழையனூரில் ஒரு நீலி கதை உண்டு. 7-ஆம் நூற்றாண்டுச் சம்பந்தர் பதிகத்திலேயே அதன் சாடை இருக்கிறது. போன பிறவியில் தன்னைக் கொன்றவன் இந்தப் பிறவியில் வணிகனாக வருகிறான். அவள் கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் புருஷன்’ என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். வேளாளர் எழுபது பேர் அவனுக்கு உயிர்ப்பிணை கொடுத்து, அவளோடு ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். அவன் காப்பாக வைத்திருந்த மந்திரக் கத்தியையும் வாங்கிவிடுகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். ‘நீலிக் கண்ணீர்’ என்று நாம் சொல்வது அந்த அழுகையைத்தான்.

இதே சட்டகம் தெற்கே வந்து, நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டு நீலி ஆகி, வில்லுப்பாட்டில் இசக்கி கதையாகப் பாடப்படுகிறது. இங்கே அவள் பழியும் வாங்கி, பீடமும் வாங்கி, கொடை என்கிற கோயில் விழாவும் வாங்குகிறாள். கேரளத்தில் சொல்லும்போது மந்திரவாதப் பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனார் அவளைப் பிடித்துக் கட்டிவிடுகிறார். ஒரே நீலி களியக்காவிளைக்குத் தெற்கே ஜெயிக்கிறாள், வடக்கே தோற்கிறாள். உங்கள் கதை எந்தப் பக்கம் நடக்கிறது என்று தெரியாமல் முடிவை எழுத உட்காரக்கூடாது.

கவனியுங்கள், நீலி எங்கேயும் சுவரிலிருந்து பாய்ந்து வரவில்லை. வழக்குத் தொடுக்கிறாள். சாட்சி வைக்கிறாள், பிணை கேட்கிறாள், எதிராளியின் ஆயுதத்தை ஊரார் கையாலேயே பிடுங்க வைக்கிறாள். தமிழ்ப் பேயின் பயங்கரம் இங்கேதான் இருக்கிறது. ஊரே அவள் பக்கம் நியாயம் பேசும்போது, செட்டி ஒருவனுக்கு மட்டும் உண்மை தெரியும். இதை விட்டுவிட்டுத் திடீர் அலறலும் கதவு மூடும் சத்தமும் வைத்து எழுதுவது கைக்கு எட்டிய பலாச்சுளையை விட்டுவிட்டுத் தோலைத் தின்பது.

செத்த உடம்பே எழுந்து நடக்கும் கதை வேண்டுமானால் நம்மிடம் வேதாளம் இருக்கிறது. பூண்டு, சிலுவை, கண்ணாடியில் நிழல் விழாமை எல்லாம் வேறு ஊர்ச் சட்டம். தகனம் செய்த உடம்பை எழுப்பி நடக்கவிடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

சிறு தகவல்களில் வரும் பெரிய ஓட்டைகள்

யட்சியின் மரம் ஏழிலைப்பாலை. அது பூப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். மணம் ராத்திரியில்தான் தூக்கலாக இருக்கும், சிலருக்குத் தலைவலியே வந்துவிடும். சித்திரை வெயிலில் பாலைப்பூ மணத்தது என்று எழுதினால் கதை அங்கேயே செத்தது. சித்திரையில்தான் நடக்கவேண்டும் என்றால் அவளைப் பனையில் ஏற்றுங்கள். கரும்பனையும் அவளுக்குச் சொந்தம்தான். விடிந்தபின் பனைமூட்டில் மிச்சம் கிடப்பது அவள் தின்றவனின் நகமும் முடியும் மட்டுமே. முழுப் பிணத்தைக் கிடத்தக்கூடாது.

சுண்ணாம்பு கேட்கும் பேச்சிலும் ஊர் வேண்டும். ‘எனக்குச் சிறிது சுண்ணாம்பு தர இயலுமா?’ என்று எந்த யட்சியும் கேட்கமாட்டாள். தோவாளைப் பக்கம் ‘கொஞ்சம் சுண்ணாம்பு தாரியளா அண்ணாச்சி?’, விளவங்கோட்டுப் பக்கம் ‘இத்திரி சுண்ணாம்பு தருவியளா?’. கையால் கொடுத்தால் கதை முடிந்தது. இரும்பு நுனியில் வைத்து நீட்டுகிறவனே தப்பிக்கிறான் என்பது வழக்கு.

நிலா. பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தில் உதிக்கும், அதன் பிறகு நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிஷம் தாமதமாகும். ஆகவே தேய்பிறை அஷ்டமியில் நிலா வர நள்ளிரவு ஆகும். ‘தேய்பிறை நிலா அந்தி வானில் தொங்கியது’ என்று எழுதுகிறவர்களின் எண்ணிக்கை, உண்மையிலேயே, பேய்களின் எண்ணிக்கையைவிட அதிகம்.

பழைய ஆதாரம், ஓலை, கல்வெட்டு வைத்துக் கதை கட்டுகிறவர்கள் கொல்லம் ஆண்டில் கவிழ்கிறார்கள். திருவிதாங்கூர்ப் பத்திரத்தில் 1098 என்று இருந்தால் அது சோழர் காலம் அல்ல. 824 கூட்டுங்கள், 1922 ஆவணியில் தொடங்கும் ஆண்டு. (ஆண்டின் பிற்பகுதி மாதமானால் 825.) ஆயிரம் வருஷப் பேய் என்று நீங்கள் எழுதிய ஆத்மா, உங்கள் பாட்டாவின் சித்தியாக இருக்கலாம். அந்தப் பத்திரத்தில் ரூபாய் அணா போடாமல் பணமும் சக்கரமும் போடுங்கள். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம்.

இடம் பற்றி ஒன்று. ஊருக்கு வெளியே ஒதுங்கிய சுடுகாடு, அதில் ஒற்றைப் புளியமரம் என்பது வறண்ட நாட்டுக் காட்சி. இங்கே பல குடும்பங்கள் விளை என்கிற தங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே அடக்கமும் தகனமும் செய்கின்றன. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் பத்தடியில் கல்லறை, அதன் மேல் காயப்போட்ட பாய். பயம் அந்தப் பாயில் இருக்கிறது. சுடுகாட்டுக்குப் போய்த் தேட வேண்டியதில்லை.

கொடையைப் பேயோட்டம் என்று எழுதாதீர்கள்

கோமரத்தாடி, அதாவது கொடையில் சாமியாடுபவர், ஆடுவது சாமி வந்து. அவருக்கு விரதம் உண்டு, முறை உண்டு, ஊர் கொடுத்த உரிமை உண்டு. வில்லுப்பாட்டில் வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை சேர்ந்து கதை ஏறும்போது, குறிப்பிட்ட கட்டத்தில்தான் அருள் வரும். புலவர் அந்தக் கட்டத்துக்கு வேகத்தை எப்படிக் கூட்டுகிறார் என்பதைக் கேட்டு எழுதினாலே அரைப்பக்கம் உயிரோடு நிற்கும். நடுச்சாமத்தில் சுடலை வேட்டைக்குப் போகும்போது பின்னால் போகக்கூடாது, எதிரே நிற்கக்கூடாது. கேமராவோடு போகிறவர்களும் இதில் அடங்குவார்கள்.

பேயை இறக்குவது வேறு. அதற்குக் கேரளத்துச் சோற்றானிக்கரைக் கோயிலின் கீழ்க்காவு வரை போகிறவர்கள் உண்டு. அங்கே மரத்தில் அறைந்திருக்கும் ஆணிகளைப் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றாது.

வீட்டில்: முதலில் ஆளைப் பாருங்கள்

கதையில் பிழை வந்தால் கதை கெடும். வீட்டில் பிழை வந்தால் ஆள் போய்விடுவார். காலையில் எழுந்தவரின் வாய் கோணி, ஒரு கை தொங்கி, பேச்சுக் குழறினால் ‘பேய் அறைஞ்சிட்டு’ என்று மந்திரவாதியைத் தேடி மதியமாக்குவதுதான் ஆகப்பெரிய தவறு. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான வாய்ப்பு பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான். உடனே 108.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி திணிப்பதால் எந்தப் பலனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரி.

பிரசவமான இரண்டு வாரத்துக்குள் ஒரு பெண் தூக்கமே இல்லாமல், ‘இது என் பிள்ளை இல்லை’ என்றோ, காதில் யாரோ கட்டளையிடுகிறார்கள் என்றோ சொன்னால் இசக்கியை இதில் இழுக்காதீர்கள். அது பேறுகால மனநோயாக இருக்கலாம். மருந்துக்குக் கேட்கும், ஆனால் அவசரம். பிள்ளையோடு தனியே விடக்கூடாது. மருந்தும் வழிபாடும் சேர்ந்து நடக்கலாம், மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள். சங்கிலி போடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது 28 பேர் ஓட முடியாமல் இறந்தது சங்கிலியால்தான். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

நெஞ்சில் ஏறி உட்காரும் அமுக்குவான் பேய்க்கு வேறு கணக்கு. கனவுத் தூக்கத்தில் உடம்பு அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். மூளை முந்தி விழித்து, பூட்டு பிந்தித் திறந்தால் அறையில் ஆள் நிற்பதாகத் தோன்றும். சில விநாடி, மிஞ்சினால் இரண்டொரு நிமிஷம். மல்லாந்து படுப்பதும் தூக்கம் கெடுவதும் இதைக் கூட்டும். கத்த முயலாமல் ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள், ஒருக்களித்துப் படுங்கள்.

குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே அறையில் தலைவலி, குமட்டல், யாரோ இருப்பது போன்ற உணர்ச்சி, வெளியே வந்தால் சரியாகிறது என்றால் கார்பன் மோனாக்சைடைச் சந்தேகியுங்கள். 1921-இல் அமெரிக்கக் கண்மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ‘பேய் வீட்டு’க் குறிப்பில் குற்றவாளி பழுதான உலைதான். நம் வீடுகளில் அது குளியலறை கேஸ் கீசராகவோ, பிள்ளை பெற்ற அறையைச் சாத்திக்கொண்டு கரி மூட்டிப் போடும் சாம்பிராணியாகவோ இருக்கும். அந்த வாயுவுக்கு மணம் இல்லை, புகை அடங்கினாலும் அது அடங்காது. ஜன்னலைத் திறந்து எல்லாரும் வெளியே வந்த பிறகுதான் மற்ற ஆராய்ச்சி.

மச்சில் நடப்பவர்

இதில் ஆகாத பழக்கம், முதல் நாளே மந்திரவாதியைக் கூப்பிடுவது. ஏழு ராத்திரி எழுதி வையுங்கள்: மணி, எந்தச் சுவர், காற்று, மோட்டார் ஓடியதா, கரண்டு இருந்ததா. அந்தி சாய்ந்து ஒரு மணி நேரத்துக்குள் ‘டப் டப்’ என்றால் தகரம் சுருங்குகிறது. 6 மீட்டர் தகடு 30 டிகிரி குளிர்ந்தால் 2 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும், ஆணி இறுகிய இடத்தில் சத்தம் போடும். மோட்டார் நின்றதும் ஒரே ‘தொம்’ என்றால் குழாயில் தண்ணீர் அடிக்கிறது. பின்னிரவில் நடுங்கி இழுக்கும் குரல் மரத்திலிருந்து வந்தால் அது காலன்கோழி என்கிற ஆந்தை. யாரையும் கூப்பிட வரவில்லை, இணையைக் கூப்பிடுகிறது.

காலடி போல் நடை கேட்டால் மச்சில் கோலப்பொடியை மெல்லிசாகத் தூவுங்கள். அரிசிமாவு வேண்டாம், அதைத் தின்ன எலி வந்து தடயத்தை அழித்துவிடும். மறுநாள் காலை சிறு தடமாக முன்காலில் நாலு விரல் தெரிந்தால் எலி. பெரிய தடத்தில் ஐந்து விரல் என்றால் மரநாய், விளவங்கோட்டுக்காரர்களுக்கு மரப்பட்டி. கள்ளுப்பானையை ஒருகை பார்த்துவிட்டு ஓட்டு இடுக்கு வழியே வீடு திரும்புகிறது. ராத்திரி அது இரை தேடிப் போனபிறகு இடுக்கில் காகிதம் சொருகி, இரண்டு நாள் கலையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஓடு பதிக்க வேண்டும். அவசரப்பட்டு அடைத்தால் குட்டிகள் உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்புறம் மச்சிலிருந்து நிஜமாகவே பிள்ளை அழும் குரல்தான் கேட்கும்.