பெர்ஃபார்மன்ஸ் இன்ஜின் கட்டப் போகிறீர்களா? பிளாக்கிலிருந்து தொடங்குங்கள்

வேகமான இன்ஜின் கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் டர்போவிலோ கேம்ஷாஃப்டிலோதான் ஆரம்பிக்கிறார்கள். பிஸ்டன்கள் வீட்டுக்கு வந்த பிறகே, சிலிண்டர்கள் அமைந்திருக்கும் இன்ஜின் உடலான பிளாக்கைத் தேடுகிறார்கள். தயவுசெய்து இந்த வரிசையை மாற்றுங்கள். பிளாக்கை வாங்கி, கழுவி, அளந்து முடிக்கும்வரை வேறு எந்தப் பாகத்துக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

படி 1: என்ன வேலைக்கு?

தினமும் ஓட்டும் வண்டியா, டிராக்குக்கு மட்டுமா? டர்போ உண்டா? எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? ஒரு தாளில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் பாகம் வாங்க வாங்க இலக்கும் ஏறிக்கொண்டே போகும்.

படி 2: இரும்பா, அலுமினியமா?

வார்ப்பிரும்பு அலுமினியத்தைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் அடர்த்தியானது. ஆனால் விறைப்பும் அதற்குத்தான் அதிகம். அழுத்தம் ஏறும்போது சிலிண்டர் வட்டம் குலையாமல் நின்றால்தான் பிஸ்டன் ரிங்குகள் ஒழுங்காக அடைக்கும். டொயோட்டாவின் 2ஜேஇசட் இன்ஜின் பெரிய டர்போக்களைத் தாங்குவதற்கு அதன் இரும்பு பிளாக் ஒரு முக்கியக் காரணம். முதல் முறையாக டர்போ இன்ஜின் கட்டுகிறவருக்கு நான் இரும்பைத்தான் சொல்வேன். வளைவுகளில் ஓடும் இலகுவான காருக்கு, முன்பக்க எடை குறைய வேண்டுமென்றால், அலுமினியம் நல்லது.

அலுமினியம் எடுத்தால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: சிலிண்டருக்குள் இரும்பு லைனர் (தனியாகப் பொருத்திய உருளை) இருக்கிறதா, அல்லது நிகாசில் போன்ற பூச்சா? பூச்சு இருந்தால் சாதாரணமாக போர் செய்து, அதாவது உட்சுவரைக் கடைந்து, பெரிதாக்க முடியாது. மறுபடி பூச்சு போட வேண்டும், அல்லது லைனர் இறக்க வேண்டும்.

படி 3: மேலிருந்து பாருங்கள்

சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட், பிளாக்கில் உட்காரும் பரப்புக்கு டெக் என்று பெயர். ஓப்பன் டெக்கில் சிலிண்டர்களின் மேல் முனையைச் சுற்றித் தண்ணீர் வழி திறந்தே இருக்கும், பிடிப்பு இருக்காது. ஹோண்டா கே20 இன்ஜின் அப்படித்தான். டர்போ இல்லாமல் ஓட்ட அது போதும். பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏற ஏற சிலிண்டர் மேலே அசையும், ஹெட் கேஸ்கெட் போகும். அதிக பூஸ்ட் என்றால், சிலிண்டர்களின் மேல் முனையைச் சுற்றி மூடியிருக்கும் குளோஸ்டு டெக்கைத் தேடுங்கள்.

படி 4: கீழே பாருங்கள்

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைப் பிடித்திருக்கும் மெயின் கேப்களில் எத்தனை போல்ட் என்று பாருங்கள். செவ்ரோலே 350 இன்ஜினில் கேப்புக்கு 2 போல்ட் உள்ளதும் உண்டு, 4 போல்ட் உள்ளதும் உண்டு. மிதமான தெரு இன்ஜினுக்கு 2 போல்ட்டே போதும். நல்ல நிலையில் இருக்கும் 2 போல்ட் பிளாக்கை விட்டுவிட்டு, தேய்ந்த 4 போல்ட் பிளாக்கை வாங்காதீர்கள்.

படி 5: சோதனை

இந்தப் படியில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பிளாக்கைச் சுத்தமாகக் கழுவிய பிறகு மெஷின் ஷாப்பில் விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புக்குக் காந்தத்தூள் சோதனை, அலுமினியத்துக்குச் சாயச் சோதனை. தண்ணீர் வழிகளை அடைத்து அழுத்தச் சோதனையும் செய்துவிடுவது நல்லது.

அடுத்து சுவரின் தடிமன். வார்க்கும்போது உள் அச்சு கொஞ்சம் நகர்ந்திருந்தால், ஒரே சிலிண்டரில் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அல்ட்ராசோனிக் கருவிக்குத்தான் தெரியும். பிஸ்டன் அழுந்தித் தள்ளும் பக்கம் மெலிந்திருந்தால், பெரிய இலக்குக்கு அந்த பிளாக் வேண்டாம்.

அப்புறம் போர் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். டெக் சமமாக இருக்கிறதா, மெயின் பேரிங் துளைகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்பதையும் கேளுங்கள்.

படி 6: எவ்வளவு போர் செய்வது?

தேய்மானம் போகும் அளவுக்கு மட்டும். 2ஜேஇசட்டின் சிலிண்டர் விட்டம் 86 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 86 மி.மீ. விட்டத்தை 86.5 ஆக்கினால் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்துக் கூடுவது சுமார் 35 சிசி. அதற்காகச் சுவரில் சுற்றிலும் கால் மி.மீ. இழக்கிறோம். கொள்ளளவு கூட்டுவதற்காக போர் செய்வது லாபமில்லை.

அளவு முடிவானதும் பிஸ்டன் வாங்குங்கள். அவற்றை மெஷின் ஷாப்பில் கொடுத்த பிறகே கடைசி ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது) நடக்கட்டும். ஃபோர்ஜ்டு (அழுத்தி உருவாக்கிய) பிஸ்டன்களில் 2618 என்ற அலுமினிய அலாய், 4032 அலாயைவிட அதிகம் விரியும், அதனால் அதற்குச் சிலிண்டர் சுவரோடு இடைவெளி கூடுதலாக வேண்டும். ஹெட் முறுக்கியது போலவே சிலிண்டரை இழுத்துப் பிடிக்கும் டார்க் பிளேட்டைப் பொருத்தி ஹோன் செய்யச் சொல்லுங்கள்.