இன்சுலினோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஐந்து வாரம் போய் வந்தேன். இருபது ஆண்டுகளாக இன்சுலின் போடுகிறவள் நான். சாப்பாட்டுக்கு முன் போடும், வேகமாக வேலை செய்யும் இன்சுலின் நிரப்பிய ஊசிப்பேனா நான்கு போதும்; ஆறு கொண்டுபோனேன். அப்படியும் மூன்றாவது வாரம் மருந்துக்கு அலைந்தேன்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டு, விமானத்தின் அடியில் உறைந்துபோனால் பிறகு உருகினாலும் அது உதவாது. டாக்டர் கடிதத்தில் கம்பனிப் பெயரை மட்டும் எழுத விடாதீர்கள். இன்சுலின் அஸ்பார்ட், இன்சுலின் கிளார்ஜின் என்று மருந்தின் மூலப்பெயரும் வேண்டும். கோடீன், ட்ரமடோல் போன்ற வலி மருந்து எடுப்பவர்கள் துபாய் வழியாகப் போனால், அங்கே இறங்குவதற்கு முன்பே அனுமதி கேட்டு வைக்க வேண்டும்.

கீரிமலையில் குளிக்கப் போனபோது ஒரு பேனாவை வாகனத்தில் மறந்துவிட்டேன். பூட்டிய கண்ணாடி, நண்பகல் வெயில். அதன் பிறகு எவ்வளவு போட்டாலும் சீனி இறங்கவில்லை. அதை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கப் போனால், கனடா டாக்டர் எழுதிய மருந்துத் துண்டை இரண்டு பாமசிகள் ஏற்கவில்லை. உள்ளூர் டாக்டரின் துண்டு வேண்டும் என்றார்கள். அவர்கள் கேட்டது சரி. மாலையில் ஒரு தனியார் டாக்டரிடம் போய் எழுதி வாங்கி, மூன்றாவது கடையில் மருந்தை எடுத்தேன். இந்த வேலையைப் போய் இறங்கிய முதல் வாரமே, கையில் மருந்து இருக்கும்போதே முடித்துவிடுங்கள். சென்னைக்கும் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தியாவில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிலீட்டருக்கு 40 யூனிட். நாம் பழகியது 100. அந்தக் குப்பிக்கு அதற்குரிய சிவப்பு மூடி ஊசிதான் சரி. மாற்றி இழுத்தால் அளவு இரண்டரை மடங்கு கூடும், அல்லது பாதிக்கும் கீழே போகும்.

ஆறு கொண்டுபோனவளுக்கு ஒரு பேனா போனதும் ஏன் தட்டுப்பாடு வந்தது என்று கேட்பீர்கள். இரண்டைச் சின்னம்மாவுக்குக் கொடுத்திருந்தேன்.

முதல் வாரமே கேட்டார். "குப்பியும் ஊசியும் என்று நான் படும் பாடு உனக்குத் தெரியும்தானே பிள்ளை. இரண்டு தந்துவிட்டுப் போ." என்னால் மறுக்க முடியவில்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத காலத்தில், அம்மம்மாவின் இன்சுலின் குப்பியை ஈரமணல் நிரப்பிய மண்முட்டிக்குள் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக் காத்தவர் அவர். நான் புறப்பட்டுப் போய்விட்டேன்; முட்டியை அவர் பார்த்துக்கொண்டார். அந்த முட்டி இன்னும் குசினி மூலையில் இருக்கிறது. என் பேனாக்களையும் அதற்குள்தான் வைத்தார். பிறகு எனக்கே முட்டுப்பட்டபோதும் திருப்பிக் கேட்க நா எழவில்லை.

நான்காவது வாரம், வெள்ளிக்கிழமை. கிளினிக்கில் கொடுத்த குப்பி முடிந்திருந்தது. சின்னம்மா காலை ஆறரைக்குப் பேனாவின் குமிழைத் திருகி இருபதில் நிறுத்திப் போட்டுக்கொண்டார். கிளினிக் கொப்பியில் காலைக்கு இருபது என்றுதான் எழுதியிருந்தது. வழக்கம்போல அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம் என்று பூப்பறிக்கப் போனார், விளக்கேற்றினார், தேவாரம் தொடங்கினார். தேவாரம் பாதியில் நின்றது.

போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து இருந்தார். சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கைக்குள் ஒரு செவ்வரத்தம் பூ கசங்கிக் கிடந்தது. என்னை அம்மாவின் பெயர் சொல்லி அழைத்தார்.

என் மீட்டரில் சீனி 2.1. தெரிந்த தாதி ஒருவரை அழைத்து "இரண்டு புள்ளி ஒன்று" என்று பதறினேன். அவர் காதில் இருநூற்றுப் பத்து என்று விழுந்தது. "கூடத்தான் இருக்கிறது, இன்று ஊசி போடவில்லையா?" என்று கேட்டார். கனடா மீட்டர் காட்டும் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால்தான் ஊரில் பேசும் எண் வரும். 2.1 என்றால் 38, மிகவும் குறைவு. அதை ஒரு தாளில் எழுதி மீட்டர் பைக்குள் வைத்துக்கொண்டு போங்கள். அந்த நேரத்தில் பெருக்க வராது.

விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து மெல்ல மெல்லப் பருக்கினேன். நினைவு முழுதாகத் தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, புரைக்கேறிவிடும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தோம். அது இலங்கையின் இலவச அம்புலன்ஸ் எண். இன்றே உங்கள் கைபேசியில் பதிந்துவையுங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கொப்பியையும் பேனாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு விளக்கினார். சின்னம்மாவின் குப்பி கலவை மருந்து: இருபது யூனிட்டில் ஆறுதான் வேகமானது, மீதிப் பதினான்கு மெதுவாக நாள் முழுக்க வேலை செய்வது. என் பேனாவில் இருபதும் வேகமானது, அதுவும் போட்ட பத்து இருபது நிமிடத்தில் தொடங்கிவிடும். கலவைக்குத்தான் அரை மணி நேரக் காத்திருப்பு. என் மருந்தைப் போட்டால் தட்டில் உடனே கைவைக்க வேண்டும். இருபது ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த சங்கதி இது. கொடுத்த அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாலை வரை சேலைன் ஏறியது.

ஆகவே உறவு கேட்டால் மருந்தைக் கொடுக்காதீர்கள். அவர்களின் மீட்டருக்குப் பொருந்தும் பரிசோதனைப் பட்டிகளை வாங்கிக் கொடுங்கள். கிளினிக் நாளில் கூடப் போய், வரிசையில் இருந்து, இவருக்குப் பேனா பொருந்துமா என்று டாக்டரிடமே கேளுங்கள். நான் அடுத்த கிளினிக்குக்குப் போனேன். காலை ஏழு மணிக்குப் போய்ப் பதினொன்றரைக்குத்தான் முறை வந்தது. சின்னம்மா இதை மாதாமாதம் தனியாகச் செய்கிறார்.

புறப்படும் நாளில் இரண்டு பேனாக்களையும் கைக்குட்டையில் சுற்றி என் பைக்குள் வைத்தார். ஒருவர் போட்ட பேனாவை ஊசிமுனை மாற்றினாலும் மற்றவர் போடக்கூடாது என்று அவருக்குச் சொல்லவில்லை. பயணம் முழுக்க அந்தக் கைக்குட்டையில் ஈரமணல் வாசம் அடித்தது.