ஸ்ரீரங்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் படம் எடுப்பது எப்படி?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலூரில் 2015-இல் திறக்கப்பட்ட வனத்துறைப் பூங்கா இது. பரப்பு சுமார் 25 ஏக்கர். பூச்சியைத் துரத்திக்கொண்டு ஓடினால் கால்வலிதான் மிச்சம். எந்தச் செடிக்கு எது வரும் என்று தெரிந்துகொண்டு அங்கே நில்லுங்கள்.

1. நேரம்
வாராந்திர விடுமுறை, கேமரா கட்டணம் இரண்டையும் முன்பே விசாரித்துவிடுங்கள். திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும். உடம்பு சூடேறாமல் வண்ணத்துப்பூச்சியால் பறக்க முடியாது. அதனால் காலையில் இலைமேல் இறக்கை விரித்து வெயில் காயும். 11 மணிக்கு மேல் பிடிகொடுக்காது.

2. கருவி
ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். பையைத் திறக்காமல் இருபது நிமிடம் வெளியில் வைத்திருங்கள். சின்னப் பொருளை அருகிலிருந்து பெரிதாக எடுக்கும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் நல்லது. 70-300 லென்ஸ் இருந்தாலே தாராளம். தள்ளி நின்றே எடுக்கலாம். போனில் மேக்ரோவை மறந்துவிடுங்கள். அதற்கு நாலைந்து செ.மீ. வரை நெருங்க வேண்டும், அதுவரை எந்தப் பூச்சி உட்கார்ந்திருக்கும்? 2 அல்லது 3 மடங்கு ஜூம் போதும்.

3. செடி
இட்லிப்பூவிலும் உன்னிப்பூவிலும் தேன் குடிக்க அழகி வகை வண்ணத்துப்பூச்சிகள் வரும். எருக்கில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். புதியவர்களுக்கு எங்கள் சிபாரிசு கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும்தான். காய்ந்து வாடிய தண்டில்கூட நீல வரியன் ஆண்கள் கூட்டமாக மொய்க்கும். பெண்ணைக் கவரும் வாசனைக்கு வேண்டிய ரசாயனத்தை அதிலிருந்துதான் உறிஞ்சுகின்றன. அந்த மும்முரத்தில் ஆள் வந்தாலும் லேசில் கிளம்பாது. ஈரமண்ணையும் பாருங்கள், உப்புச்சத்துக்காக அங்கேயும் உட்காரும்.

4. அமைப்பு
லென்ஸ் துளை (அப்பர்ச்சர்) எஃப்/8, ஒளியுணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 400 முதல் 1600. உட்கார்ந்திருந்தால் ஷட்டர் வேகம் 1/500 நொடி. எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி போன்றவை தேன் குடிக்கும்போதும் இறக்கையை அடித்துக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு வேகம் 1/1000-க்குக் குறையக் கூடாது. ஃபோகஸ் கண்ணில். ஃபிளாஷ் வேண்டாம், இறக்கை பளபளத்து நிறம் கெடும்.

5. நெருங்குவது
உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தால் பறந்துவிடும். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்து, குனிந்து, ஓரடி வைத்து நிறுத்தி, மறுபடி ஓரடி வையுங்கள். செடியில் உடம்பு படக் கூடாது. முதல் படத்தை நாலடி தூரத்திலேயே எடுத்துவிட்டு அப்புறம் நெருங்குங்கள். பறந்துவிட்டால் பின்னால் போகாதீர்கள், பல சமயம் அதே பூவுக்குத் திரும்பி வரும்.

6. படம் சரியில்லையா?
கண் தெளிவாக இருந்து இறக்கை நுனி மங்கினால், கேமரா இறக்கைக்கு நேராக இல்லை. மூடிய இறக்கைக்குப் பக்கவாட்டிலும், விரித்த இறக்கைக்கு மேலிருந்தும் எடுங்கள். கரும்பச்சை இலைமேல் இருக்கும் வெள்ளைப் பூச்சி வெளிறிப்போனால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.7 ஆக்குங்கள்.

கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த பூச்சி அசையாமல் தொங்கும். வாகாக இருக்கிறதே என்று கிளையை வளைக்காதீர்கள். கீழே விழுந்தால் இறக்கை மடங்கியபடியே காய்ந்து, கடைசிவரை பறக்க முடியாமல் போகும்.